உன் அப்பா வைத்த கல்லும் நான் வைத்த கல்லும்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் குரலைத் தாழ்த்தி எனக்கு ஒரு வேலை சொன்னாயே, அதற்கான பதில் இது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். அந்த நாலு பேரும் உன்னிடம் வந்து கேட்பார்கள். அப்போது நீயும் படித்துத்தான் ஆகவேண்டும். பெற்றவளுக்கு இந்த அளவு சூழ்ச்சிகூட இல்லாவிட்டால் எப்படி?

நீ சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்கிறேன், நான் சரியாகக் கேட்டேனா என்று பார்த்துக்கொள். தை மாதம் உனக்குக் கல்யாணம். பெண் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மத்தியானத்தில் உன்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிடுகிறது. நீ திரும்பக் கூப்பிட்டால் போவதில்லை. கேட்டால் டவர் இல்லை என்கிறாள். டவர் இல்லாத இடத்தில் முதல் பத்து நிமிஷம் மட்டும் எங்கிருந்து வந்தது என்று நீ யோசித்திருக்கிறாய். பக்கத்தில் யாரோ வந்ததும் வைத்துவிடுகிறாளோ என்று அதற்கு மேலும் யோசித்திருக்கிறாய். கடைசியில், "கொஞ்சம் விசாரிச்சு சொல்லும்மா. உனக்குத்தான் அது நல்லா வரும்" என்றாய்.

உண்மைதான், எனக்கு அது நன்றாக வரும். பூக்காரி முழம் போடும்போது அவள் கையோடு என் கையையும் நீட்டி ஒட்டவைத்துப் பார்ப்பவள் நான். பக்கத்து வீட்டு மிக்சி வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடினால் விருந்தாளி யார் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. நீ பிறந்த அன்று தொட்டிலில் நர்ஸ் கொண்டுவந்து போட்டதும், இது என் பிள்ளைதானா என்று காதைத் திருப்பிப் பார்த்தேன். அப்பா காது மாதிரியே விசிறியாக இருந்தது. அப்புறம்தான் பால் கொடுத்தேன். ஆகவே நீ சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறாய். ஆனால் விசாரணை அறிக்கையை நேரடியாகக் கொடுத்துவிட்டால் அதில் என்ன சுவாரசியம்? அதற்கு முன்னால் உன் அப்பாவை நான் சந்தேகப்பட்ட கதையைக் கேள். அதில் கொஞ்சம் முக்கோணக் கணக்கு வரும். லேசரைத் தட்டிச் சுவரை அளக்கிற உனக்கு இது சிரிப்பாக இருக்கலாம். சிரித்துக்கொள்.

கல்யாணமாகி சின்னசேலம் சாலையில் இருந்த அந்த ஓட்டு வீட்டுக்கு நான் வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. சாலையைப் பார்த்த முன்னறையைத்தான் எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம், எங்கள் அறை ஜன்னலுக்கு நேராக, ஒரு புளியமரம். வயிற்றில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்து நம்பர் போட்ட அரசாங்கத்து மரம். சாலையோரப் புளியமரங்களின் காய்ப்பை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பகுதியை ஏலம் எடுத்தவர் உன் தாத்தா, என் மாமனார். பூ விட்டதிலிருந்து தினமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார். மரத்தடியில் யார் நின்றாலும் அவர் கண்ணுக்குப் புளி திருடன்தான். அந்த வீட்டில் எனக்கு முன்பே சந்தேகம் குடியிருந்தது என்பதை நீ குறித்துக்கொள்ள வேண்டும். பழி முழுக்க என் ரத்தத்தின்மேல் வரக்கூடாது.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கென்று ஒரு பங்கு வேண்டும் என்று ஜனங்கள் சாலைக்கு வந்தார்கள். பஸ் போகாமல் இருக்க சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் வரை எந்தப் பஸ் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில் வேறு ஊர்களில் நடந்ததில் சிரிக்க எதுவும் இல்லை. அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதும் இல்லை. எங்கள் ஊரில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பையன்களுக்குத் தலைவர் உன் சேகர் சித்தப்பா. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவர். அவர் தேர்ந்தெடுத்தது எங்கள் ஜன்னலுக்கு எதிரே நின்ற அதே மரம். அந்த இடத்தில் சாலைக்கு ஒரு பக்கம் கிணறு, இன்னொரு பக்கம் எங்கள் வீடு. மரம் குறுக்கே விழுந்தால் சைக்கிள்கூடச் சுற்றிப் போகமுடியாது. செய்தி காதில் விழுந்ததும் மாமனார் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு டீக்கடைக்கே போய்விட்டார்.

"அத்த வெட்டாதடா. சாஞ்சா நம்ம வூட்டு மேலதான் வுழும்."

சேகர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாராம்: "வூட்டு மேல வுழுமா, உங்க புளி மேல வுழுமா, பெரியப்பா?"

கடையே சிரித்திருக்கிறது. மாமனாருக்கு மானம் போய்விட்டது. வீடுமேல் விழுமா விழாதா என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன் என்று சவால் விட்டுவிட்டார். கணக்குக்கு ஆள் வேண்டுமே? உன் அப்பா இருந்தார். பி.எஸ்சி. கணிதம். அவருக்கும் வேலை இல்லை, டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பங்கு கிடைத்தால் தனக்கும் ஒரு வேலை கிடைக்கும் என்று நம்பியவர்களில் அவரும் ஒருவர். அதனால் பையன்கள் அவரை நம்பினார்கள். பெற்ற மகன் ஆயிற்றே என்று மாமனாரும் நம்பினார். எல்லோரும் நம்புகிற மனிதரைப் பார்த்தால் எனக்குச் சும்மா இருக்கமுடியாது என்பது உனக்குத் தெரியும்.

மரத்தில் ஏறி அளக்க வேண்டியதில்லை, தூரத்தில் நின்றே உயரத்தைச் சொல்லிவிடலாம் என்றார். டியூஷன் பையன்களின் ஜாமெட்ரி பாக்சிலிருந்து இரண்டு மூலைமட்டங்களையும் எடுத்துக்கொண்டார். கொத்தனாரிடம் டேப்பு வாங்கினார். மூலைமட்டம் சாயாமல் நேராக நிற்கிறதா என்று பார்க்க ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, சாய்ந்த விளிம்பில் ஒரு கண்ணை வைத்து, மரத்தின் உச்சி அந்த விளிம்போடு ஒட்டும்வரை சாலையோரமாகக் கிழக்கே பின்னால் பின்னால் நடந்தார். மரம் செங்குத்தாக நிற்கிறது, தரை படுத்திருக்கிறது, பார்வை சாய்ந்து போகிறது: செங்கோண முக்கோணம். நாற்பத்தைந்து பாகை மட்டமாக இருந்தால் எதிரே நிற்கிற பக்கமும் கீழே கிடக்கிற பக்கமும் சமம். மரத்திலிருந்து நாம் நிற்கும் தூரம்தான் உயரம். அப்படிப் பார்த்ததில் நாற்பத்தைந்து அடி வந்தது. சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல், முப்பது பாகை மட்டத்தை எடுத்துக்கொண்டு இன்னும் பின்னால் போய் மதகுக்குப் பக்கத்தில் நின்றார். அங்கே தூரம் எழுபத்தெட்டு அடி. முப்பது பாகைக்கு அதை ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவான ஓர் எண்ணால் வகுக்கவேண்டும் — ஒன்று புள்ளி ஏழு மூன்று என்று நீ இன்னும் மறந்திருக்கமாட்டாய். வகுத்தால் அதே நாற்பத்தைந்து. நின்ற இடத்தில் அடையாளமாக ஒரு செங்கல்லை வைத்தார். மரத்துக்கும் எங்கள் சுவருக்கும் நாற்பத்தெட்டு அடி. மூன்று அடி மிச்சம், மரம் வீட்டைத் தொடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சேகருக்குச் சந்தோஷம். மாமனார் அன்று மகனோடு பேசவில்லை.

எனக்கு வேறு கவலை. மதகுக்குப் பக்கத்தில் நின்று அந்த மரத்தைப் பார்த்தால் அதற்குப் பின்னாலேயே ரைஸ்மில்காரர் வீட்டு மொட்டைமாடி. அந்த மாடியில் தலைமுடி காயவைக்கும் வசந்தா. ஊரில் அவ்வளவு நீளமான முடி வேறு யாருக்கும் கிடையாது. மூன்று மாதப் புருஷன், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தத் திசையில், அவ்வளவு நேரம் நிற்கிறார். கணக்காம். டீக்கடையில் அவரைப் போலீசுக்கு உளவு சொல்கிறவர் என்று ஒருவர் சொன்னாராம், ரோட்டை அகலப்படுத்த வந்த ஆள் என்று இன்னொருவர். அடப் பாவிகளா, கண்ணெதிரே மாடி இருக்கும்போது உங்களுக்கு ஏன் இவ்வளவு தூரம் புத்தி போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்த நேரம் அந்த முப்பது பாகை மூலைமட்டத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மதகுக்குப் போனேன். செங்கல் இருந்த இடத்தில் அப்படியே நின்றேன். மாடி தெரிந்தது. கொடியில் வசந்தாவின் தாவணி தெரிந்தது. வந்ததற்கு மரத்தையும் பார்ப்போமே என்று, ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்திருந்தபடி கல்லைத் தொங்கவிட்டு, விளிம்பில் கண்ணை வைத்தேன். உச்சி ஒட்டவில்லை. விளிம்பு காட்டிய இடத்துக்கு மேலேயும் மரம் இருந்தது. கொஞ்சம் பின்னால் போனேன். இன்னும் கொஞ்சம். கிட்டத்தட்ட இரண்டடி பின்னால் போன பிறகுதான் உச்சி வந்து ஒட்டியது.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மரத்தைப் பார்ப்பதற்காக நின்றிருந்தால் மரம் ஒட்டுகிற இடத்தில் அல்லவா நின்றிருப்பார்? செங்கல் வைத்தது மரத்துக்காக இல்லை, மாடிக்காக. என் இடத்தில் நானும் சாட்சிக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அவரை எழுப்பினேன்.

"இன்னாங்க, நீங்க கல்லு வச்ச எடத்துலருந்து மரத்து உச்சி ஒட்டல. மாடிதான் நல்லா தெரியுது."

அவருக்கு மாடி காதில் விழவில்லை. "நீ ஏன் அங்க போய் நின்ன?" என்றார்.

கோழியைத் தேடிக்கொண்டு போனேன் என்றேன். எங்கள் வீட்டில் கோழி கிடையாது.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு மதகுக்கு வந்தார். புதுப்பெண்டாட்டியோடு பட்டப்பகலில் ரோட்டில் நின்று மரத்தை அண்ணாந்து பார்க்கும் மனிதரை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று யோசித்துக்கொள். முதலில் அவர் பார்த்தார். செங்கல்லில் நின்றபடி, உச்சி ஒட்டுகிறது என்றார். நான் பார்த்தேன், ஒட்டவில்லை. என் கல்லுக்குப் போனேன், ஒட்டியது. அவர் சிரித்தார்.

"நீ குள்ளம். அதான்."

"நான் குள்ளமா இருந்தா மரம் எதுக்குங்க வளரணும்?" என்று கேட்டேன். "உங்க கணக்குப்படி என் கல்லுக்கு எவ்ளோ வருது, போடுங்க பாக்கலாம்."

குச்சியால் மண்ணில் முக்கோணம் வரைந்து கணக்குப் போட்டார். என் கல் மரத்திலிருந்து எண்பது அடிக்குக் கொஞ்சம் கம்மி. வகுத்தால் நாற்பத்தாறு. அவர் பார்த்தால் நாற்பத்தைந்து அடி மரம், நான் பார்த்தால் நாற்பத்தாறு அடி மரம். சிரிப்பு நின்றுவிட்டது. மதகுச் சுவரில் உட்கார்ந்து மண்ணில் இருந்த முக்கோணத்தின்மேல் குனிந்தார். பிறகு அதன் கீழ்க்கோட்டை அழித்துவிட்டுச் சற்று மேலே தள்ளி வரைந்தார். அந்தக் கோட்டுக்குக் கீழே மரத்தின் அடிப்பாகம் தனியாக நின்றது.

"நான் கண்ணுலருந்து பாத்துட்டு, காலுலருந்து பாத்த மாதிரி கணக்குப் போட்டுட்டேன். என் கண்ணுக்குக் கீழ இருக்கற மரத்த சேக்கவே இல்ல" என்றார்.

அவருடைய கண் தரையிலிருந்து ஐந்தரை அடியில் இருந்தது. என் கண் நாலரை அடியில். நாற்பத்தைந்தும் ஐந்தரையும் ஐம்பதரை. நாற்பத்தாறும் நாலரையும் ஐம்பதரை. இரண்டு பேருக்கும் ஒரே மரம் வந்துவிட்டது. இரண்டு மட்டத்தில் பார்த்தும் அவர் ஏமாந்ததற்குக் காரணமும் புரிந்தது. ஒரே ஆள் தன் உயரத்தை விட்டுவிட்டு எத்தனை தடவை சரிபார்த்தாலும் அதே தப்புத்தான் வரும். முழங்கால் உயரத்தில் வெட்டுவார்கள், அதைக் கழித்தாலும் சுவரைத் தாண்டி வருகிறது. சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓடு வேறு. அந்த ஓட்டுக்குக் கீழேதான் எங்கள் கட்டில். புளியை நினைத்துக்கொண்டு மாமனார் அடித்துவிட்ட பொய் அப்படியே நிஜமாகிவிட்டது.

சாயங்காலம் வெட்டுவதாக ஏற்பாடு. நாங்கள் போனபோது சேகர் ரம்பத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். உன் அப்பா விஷயத்தைச் சொல்லத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து மாமனார் பின்னாலேயே வந்து, முகமெல்லாம் பல்லாகத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். அதற்கு மேல் யார் நம்புவார்கள்?

"காலையில நாப்பத்தஞ்சு. சாயங்காலம் அம்பது. நடுவுல பெரியப்பா தண்ணி ஊத்தினாரா?" என்றார் சேகர். பையன்கள் சிரித்தார்கள். சேகர் சிரிக்கவில்லை. "உனுக்கும் சேத்துதானண்ணா ரோட்ல நிக்கறோம். நீயே புளி பக்கம் போயிட்ட" என்றார்.

உன் அப்பாவின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. மண்ணில் போட்ட முக்கோணத்தை மறுபடி போட்டுக் காட்ட அவருக்குக் கை வரவில்லை. அவர் சொல்வது சரியாக இருந்தும் அதைச் சொல்கிற இடத்தில் அவர் இல்லாமல் போய்விட்டார். இனி பேசாமல் இருந்தால் கூரை போகும், பேசினால் சொந்தத் தம்பிகள் போவார்கள். எனக்கு வாயில் நாக்கு நிற்காதே, நான்தான் பேசினேன். உன் சித்தப்பாவைப் பார்த்து, "எங்க யாரு சொல்றதையும் நம்பாதீங்க தம்பி. நான் இவரையே நம்பலை. அதனாலதான் அங்க போய் நின்னு பாத்தேன். நீங்களும் வந்து நின்னு பாருங்க" என்றேன். உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோழிக் கதை அந்த இடத்தில் முடிந்துபோனது.

சேகர் வந்தார். மட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மாமனார் அதிலும் ஏதாவது செய்திருப்பாரோ என்று. உன் அப்பாவின் செங்கல்லில் நின்றார், ஒட்டவில்லை. என் கல்லில் நின்றார், அங்கேயும் ஒட்டவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றபோது ஒட்டியது. அவர் உயரமும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான். அங்கே தன் செருப்பைக் கழற்றி வைத்தார். ஃபிட்டர் படித்தவர், தானே அளந்து, தானே வகுத்து, தன் கண் உயரத்தைக் கூட்டினார். எங்கள் ஜன்னலைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார்.

"அப்ப கட்டில்லயே வந்து படுத்துக்கும் அண்ணி" என்றார். ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு, வீடுகள் இல்லாத இடத்தில் நின்ற வேறொரு மரத்துக்குப் போனார்கள். அதுவும் மாமனார் ஏலம் எடுத்த மரம்தான். பாவம், அதற்குக் கணக்குப் போட அவரிடம் வீடு இல்லை.

வசந்தா விஷயம் என்ன ஆயிற்று என்று நீ கேட்பாய். அங்கே ஒரு மாடி இருந்ததையே கவனிக்கவில்லை என்று உன் அப்பா இன்றைக்கும் சொல்கிறார். மாடியையே கவனிக்காதவரை எப்படி நம்புவது? அந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது.

ஆனால் தம்பி, அன்றிலிருந்து எங்கள் சண்டைகளுக்கு ஒரு முறை வந்துவிட்டது. அவர் ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன், இரண்டு பேரும் சத்தியமே பண்ணுவோம். கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒருவர், "உன் உயரத்தைக் கூட்டினியா?" என்று கேட்போம். கேட்கிறவர் தன் உயரத்தைக் கூட்டியிருக்கமாட்டார், அது வேறு விஷயம். சந்தேகப்படாதே என்று உனக்கு நான் சொல்லமாட்டேன். என் வாயிலிருந்து அது வந்தால் நீயே என்னைச் சந்தேகப்படுவாய். சந்தேகப்படு. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து படாதே. எழுந்து போய், அவள் நிற்கிற இடத்தில் நின்று படு. நீ அப்பா மாதிரி உயரம், உன் கண்ணுக்குக் கீழே நிறைய விட்டுப்போகும்.

இப்போது விசாரணை அறிக்கை. வியாழக்கிழமை கச்சிராயபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் மலைக்குப் போனேன். பெண்ணிடம் சொல்லவில்லை, அவள் வகுப்பில் இருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் அம்மாவிடம் ஒரு தேங்காய் பன் வாங்கிக்கொண்டு, இங்கே போன் பேச எங்கே போவார்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற பாறையைக் காட்டினாள். ஏறிப் பார்த்தேன். இந்த முட்டியோடு நான் அதில் ஏறியதை உன் அப்பாவிடம் சொல்லிவிடாதே. உச்சியில் யாரோ சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு ஆள் மட்டும் நிற்கிற அளவுக்கு.

அந்த வட்டத்துக்குள் நின்றுகொண்டுதான் உன்னைக் கூப்பிட்டேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டாய், கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் என்றேன். நீ சமையல்காரரைப் பற்றிப் பேசத் தொடங்கினாய். வெயில் கண்ணில் குத்தியது, கொஞ்சம் திரும்பினேன், லைன் போய்விட்டது. மலை இறங்கி பஸ் சமவெளிக்கு வந்த பிறகுதான் நீ அனுப்பியிருந்த செய்தி வந்து விழுந்தது. "ஏம்மா பாதியில கட் பண்ண? பக்கத்துல யாரு?"

பக்கத்தில் யாரும் இல்லை தம்பி. ஓர் அடி நகர்ந்தேன்.

அம்மா